கொல்லை மரத்துக்கு எந்த மிஷின்?

மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போகிறவர்கள் என் பட்டறைக்கு ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணே, பெட்ரோல் வாங்கவா, பேட்டரி வாங்கவா?" எது பலம் என்று தெரிந்துவிட்டால் போதும் அவர்களுக்கு. நான் திருப்பிக் கேட்பது வேறு. "கொல்லையில கடைசியா எப்ப மரம் அறுத்தீங்க?"

பலரும் கொஞ்சம் யோசிக்கிறார்கள். போன ஐப்பசி மழையில் முருங்கை முறிந்து விழுந்தபோது என்கிறார் ஒருவர். மாடிச் சுவரில் வேப்பங்கிளை உரசியதால் சித்திரையில் ஒரு தடவை என்கிறார் இன்னொருவர். நடுவில் ஆறு மாதம், எட்டு மாதம் ஒன்றுமில்லை. எந்த மிஷின் என்ற முடிவில் பாதி இந்தப் பதிலிலேயே இருக்கிறது. வீட்டு மிஷின் வேலை செய்கிற நேரம் கொஞ்சம், சும்மா கிடக்கிற நேரம்தான் அதிகம். சும்மா கிடக்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதைத்தான் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டும்.

பேராவூரணியில் சின்ன இன்ஜின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், வாய்க்காலில் தண்ணீர் இறைக்கும் பம்ப் எல்லாம் வரும். செயின் சா முன்பெல்லாம் அபூர்வமாகத்தான் வரும், அதுவும் மரவாடிக்காரர்களிடமிருந்து. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தோப்புகளைத் தரையோடு சாய்த்த பிறகுதான் இந்த மிஷின் வீட்டுக்கு வீடு வந்தது. கைரம்பத்தை வைத்துக்கொண்டு எத்தனை தென்னையை அறுப்பது? கோயம்புத்தூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட கூலியைப் பார்த்துத் தாங்களே வாங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அன்று வாங்கிய மிஷின்கள்தான் இன்றைக்கும் ஒவ்வொன்றாக என் மேஜைக்கு வருகின்றன. அவற்றில் தேய்ந்துபோய் வந்தவை கொஞ்சம். ஓடாமல் கிடந்தே கெட்டவைதான் அதிகம்.

பெட்ரோல் செயின் சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். இன்ஜினுக்கென்று தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. நல்ல ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. மலிவு மிஷின்கள் பலவற்றின் மேல் இருபத்தைந்துக்கு ஒன்று என்று ஒட்டியிருக்கும், லிட்டருக்கு 40 மில்லி. ஸ்டிக்கரில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டனும் சிலிண்டரும் கீறிப்போகும். அதற்குப் பிறகு செய்கிற செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள் என்றுதான் கையேடுகள் பெரும்பாலும் சொல்கின்றன. இன்றைக்கு அந்த எச்சரிக்கையை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் கடலுக்குப் பக்கம், மார்கழிப் பனியில் தகரக் கொட்டகைக்குள்ளேயே தண்ணீர் சொட்டும். அந்த ஈரமெல்லாம் டேங்கில் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகிப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போகும் குழாய் எடுப்பதும் அடியிலிருந்துதான்.

கார்புரேட்டரைப் பிரித்தால் உள்ளே மெல்லிய ரப்பர் தகடு ஒன்று இருக்கும், டயஃப்ரம் என்போம். அது துணிபோலத் துவண்டு இருந்தால்தான் பெட்ரோலை அளந்து விடும். பழைய பெட்ரோலில் ஊறிய டயஃப்ரம் விறைத்துக் காகிதம்போல் சடசடக்கிறது. எரிபொருள் குழாய் கையில் எடுக்கும்போதே பிசுபிசுவென்று உதிர்கிறது. மிஷின் சொந்தக்காரர் எதிரில் நின்றுகொண்டு, "ரெண்டு தடவைதாண்ணே ஓட்டினேன்" என்பார். உண்மைதான். இன்னும் நாலு தடவை ஓட்டியிருந்தால் கெட்டிருக்காது. தோப்பில் வாரம் ஒருதடவையாவது மட்டை, கட்டை என்று ஏதாவது அறுத்துக்கொண்டே இருப்பவர்களின் பெட்ரோல் மிஷின் வருஷக்கணக்காக உழைப்பதை நான் பார்க்கிறேன். அதே மிஷின் ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் கிடந்தால் அடுத்த வருஷம் கயிறை எத்தனை இழுத்தாலும் உயிர் வராது.

பேட்டரி என்றவுடன் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் அதிகம். மரம் அறுப்பது பெட்ரோல் வேலை, மின்சாரம் அதற்குத் தாங்காது என்பார்கள். இந்த மிஷினின் கதை வேறு மாதிரி தொடங்கியது. ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் 1926இல் செய்த முதல் செயின் சா மின்சாரத்தில் ஓடியது. இரண்டு ஆள் இரு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டிய கனம். அடுத்த ஆண்டு எமில் லெர்ப் என்பவர் துரிங்கியா பகுதியில் டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் மிஷினைச் சோதித்துப் பார்த்தார், மலையின் பெயரே அவருடைய நிறுவனத்துக்கும் பெயராயிற்று. ஸ்டீலின் பெட்ரோல் மிஷின் 1929இல் வந்தது, கனம் 46 கிலோ. காட்டுக்குள் மின்சாரக் கம்பி போகாது, அதனால் அங்கே பெட்ரோல் ஜெயித்தது. நம் வீட்டுக் கொல்லை காடு இல்லையே. பத்தடி தள்ளிப் பிளக் பாயிண்ட் இருக்கிறது. டோல்மாரை 1991இல் ஜப்பானின் மக்கிட்டா வாங்கியது. அந்த மக்கிட்டாவே 2022இல் பெட்ரோல் இன்ஜின் மிஷின்கள் செய்வதை நிறுத்திவிட்டுப் பேட்டரிப் பக்கம் முழுதாகப் போய்விட்டது.

அதற்காகப் பேட்டரிதான் எல்லாவற்றுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 36 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றில் இருப்பது 180 வாட்-ஹவர். வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9,000 வாட்-ஹவர். சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்குகிறது. உள்ளே போன கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலென்சர் வழியாக வெளியேறிவிடும், அந்த நீலப் புகையும் நெடியும் அதனால்தான். ஏழில் ஒரு பங்குதான் செயினுக்கு வந்து சேர்கிறது என்று வைத்தாலும் 1,300 வாட்-ஹவர். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் ஏழு பேட்டரிக்குச் சமம். பெட்ரோலை ஊற்ற ஒரு நிமிஷம் போதும். பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் ஏற்ற, சார்ஜரைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து சில மணி நேரம் வரை ஆகும்.

வீட்டுக்காரர் கேட்க வேண்டியது என் வேலை 180 வாட்-ஹவரில் முடியுமா என்பதுதான். செயின் கூராக இருந்தால் ஒரு சாண் கனமுள்ள கிளையில் சில பத்து அறுப்புகள் அந்த ஒரு பேட்டரி தாங்கும். முருங்கை, ஒதியம், கல்யாண முருங்கை எல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. வேம்பும் மாவும் பூவரசும் நிதானமாக அறுபடும். காலையில் வெயில் ஏறுமுன் ஒரு வேப்பமரத்தின் கிளைகளைக் கழித்து, அடுப்பு விறகுக்குத் துண்டு போட்டு முடிக்கலாம். கொல்லையில் ஒரு நாளில் ஒரு மனிதர் களைத்துப்போகிற அளவுக்கு அது போதும்.

தென்னை வந்தால் கதை மாறுகிறது. தென்னைக்கு வைரம் நடுவில் இல்லை, வெளியில் இருக்கிறது. நடுச்சோறு மெத்தென்று இருக்கும். பட்டைக்கு அடுத்த சில விரல்கடை அகலம்தான் இரும்பு. செயின் அந்த நாரைக் கிழித்துப் போகும்போது பல்லின் முனை மழுங்கிக்கொண்டே வரும். முற்றிய மரத்தின் அடித்தண்டில் நாலைந்து அறுப்புப் போட்டாலே செயினை அரத்தில் தீட்ட வேண்டியிருக்கும். பேட்டரி மிஷினில் தென்னை அறுக்கவே முடியாது என்பதில்லை. ஆனால் கட்டையின் கடினமும் நாரின் இறுக்கமும் மோட்டாரைத் திணறடிக்க, பேட்டரி சூடாகித் தானே நின்றுகொள்ளும். ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பனை இன்னும் மோசம். பனையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொல்லையில் நிற்பது சொந்தப் பனையானாலும் வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். மிஷினை எடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விழுந்த தென்னையை நாள் கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது. மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதற்குள்ளேயே வளர்ந்து வண்டாகி, பிழைத்து நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். கஜா முடிந்து எங்கள் பக்கம் இருந்த பெரிய பயம் அதுதான். சாய்ந்தது போக நின்ற கொஞ்சநஞ்சமும் வண்டுக்குப் போய்விடுமோ என்று. சீக்கிரம் அறுத்து, துண்டு போட்டு, அப்புறப்படுத்த வேண்டும். அப்போது மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. சில கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது. அந்த நாட்களில் பேட்டரி மிஷின் கையில் இருந்திருந்தால் முதல் நாள் காலையோடு அதன் வேலை முடிந்திருக்கும். பெட்ரோலுக்கும் அலைந்தோம், பட்டுக்கோட்டை வரை கேனோடு போய் வரிசையில் நின்றோம். ஆனாலும் கிடைத்தது, மிஷின் ஓடியது. பெட்ரோல் மிஷினை யாராவது ஏளனமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காததற்குக் காரணம் அந்த நாட்கள்தான்.

புயலுக்குப் பெட்ரோல் வேண்டும், வருஷம் முழுக்கப் பேட்டரி போதும் என்றால் வீட்டுக்கு இரண்டு வாங்குவதா? தேவையில்லை என்பது என் எண்ணம். புயலுக்கென்று வாங்கிப் பூட்டி வைத்த பெட்ரோல் மிஷின் புயல் நாளில் ஓடாது, மேலே சொன்ன டயஃப்ரம் அதற்குள் விறைத்திருக்கும். தெருவில் தோப்பு வேலை செய்கிற ஒருவரிடம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் மிஷின் ஒன்று இருக்கட்டும். அவருக்குச் செயின் வாங்கவும் ஆயில் வாங்கவும் நாலு வீடு சேர்ந்து பணம் கொடுத்து வைத்தால், ஆபத்து நாளில் அது எல்லோருக்குமான மிஷின். எங்களூர்ப் பக்கம் சில தெருக்களில் பம்ப்செட்டை அப்படித்தான் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

இனி வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்கள். பேட்டரி மிஷினில் இன்று நடக்கும் பெரிய மோசடி வோல்ட்டில். நெட்டில் பார்த்து வரவழைத்த குட்டி மிஷின்களில் 48, 88, 128 என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் விரல் பருமனில் ஐந்து செல் வரிசையாக இருக்கும். லித்தியம் செல் ஒன்று ஓடும்போது 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்தைச் சேர்த்தால் 18, முழுதாக ஏற்றினால் 21. அதற்குமேல் ஒரு வோல்ட்டும் அதில் வராது. 18 வோல்ட் என்று ஒரு கம்பெனியும் 21 வோல்ட் என்று இன்னொன்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே பேட்டரிதான். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைப் பார் என்போம். நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் பாருள்ள இந்தக் குட்டி மிஷின்கள் ரோஜாச் செடிக்கும் கொய்யாக் கிளைக்கும் உதவும். அதை வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகக் கூடாது. கொல்லை வேலைக்கு உண்மையான 36 வோல்ட்டும் அதற்கு மேலும், 12 முதல் 14 இஞ்ச் பாரும் உள்ளதாகப் பாருங்கள். பெயருள்ள நிறுவனத்தின் நல்ல பேட்டரி ஒன்றின் விலைக்குச் சந்தையில் ஒரு மலிவுப் பெட்ரோல் மிஷினே கிடைக்கும் என்பது உண்மை. அந்தப் பேட்டரியே அதே கம்பெனியின் புல்வெட்டிக்கும் ஊதுமிஷினுக்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்கினால் விலை உறுத்தாது. ஐந்து வருஷம் கழித்தும் அந்தப் பேட்டரி கிடைக்குமா, பக்கத்து ஊரில் சர்வீஸ் உண்டா என்பதும் கேட்க வேண்டியது.

பெட்ரோலில் மோசடி வேறு வகை. கடைக்காரர் எல்லோருக்கும் 58 சிசி, 22 இஞ்ச் மிஷினையே எடுத்து நீட்டுவார். பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்குகிறவரும் நினைப்பார். அவ்வளவு நீளப் பாரை நிமிர்த்திப் பிடிக்கப் பழக்கம் வேண்டும், அதன் முனை எங்கே இடிக்கிறது என்று புதியவருக்குத் தெரியாது. வீட்டுக்கும் சின்னத் தோப்புக்கும் முப்பது முதல் நாற்பது சிசிக்குள், 14 அல்லது 16 இஞ்ச் பார் உள்ள, நாலைந்து கிலோ மிஷின் போதும்.

வயரில் ஓடும் மின்சார மிஷினை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2,000 வாட் அளவில் 16 இஞ்ச் பாரோடு மலிவாகவே கிடைக்கிறது. பெட்ரோல் ஊறாது, பேட்டரி தீராது, வருஷக்கணக்கில் கிடந்தாலும் சுவிட்சைப் போட்டால் ஓடும். கொல்லை சின்னது, விறகை ஓரிடத்தில் போட்டு அறுப்பவர் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். தடிமனான வயர் வேண்டும், எர்த் கசிந்தால் லைனை வெட்டிவிடும் டிரிப்பர் வீட்டில் இருக்க வேண்டும், மழை ஈரத்தில் தொடக் கூடாது.

எந்த மிஷினானாலும் மரத்தை அறுப்பது செயின். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "மிஷின்ல பலமே இல்லண்ணே" என்று கொண்டுவந்து வைக்கும் மிஷின்களில் பாதிக்குமேல் இன்ஜினில் ஒன்றும் இருக்காது, செயின் மொட்டையாக இருக்கும். அறுக்கும்போது கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். செதில் செதிலாக விழுந்தால் செயின் கூர். மாவாக விழுந்தால் மழுங்கல். மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி அறுத்தால் பெட்ரோல் மிஷினில் கிளட்ச் போகும், பேட்டரி மிஷினில் பாதி வேலைக்கே சார்ஜ் தீரும். 180 வாட்-ஹவரை நம்பி வேலை செய்பவருக்கு அரம் உயிர்.

இந்தச் செயின் பல்லின் உருவம் வந்த விதம் எனக்குப் பிடித்த கதை. 1940களில் அமெரிக்காவின் ஒரேகானில் மரவெட்டியாக இருந்தவர் ஜோசப் காக்ஸ். அப்போதைய செயின்கள் கைரம்பத்தின் பல்லைப் போலவே இருந்தன, கொஞ்சம் அறுத்தால் தீட்டத்தான் நேரம் சரியாக இருக்கும். ஒரு கட்டைக்குள் வண்டின் புழு ஒன்று மரத்தின் இழைப் போக்கிலும் குறுக்கிலும் தடையில்லாமல் தின்றுகொண்டு போவதைக் கவனித்தார். அதன் தாடை இரண்டும் வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் சுரண்டின. அதேபோல இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றி வைத்து அவர் செய்த செயின் 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் செயினும் அந்த அமைப்புதான். தென்னையைத் துளைக்கும் வண்டோடு வாழ்கிறவன் நான், ஒரு வண்டுப் புழுவிடமிருந்து இந்தத் தொழில் பாடம் கற்றுக்கொண்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். கொல்லை மிஷின்களில் வரும் லோ புரொஃபைல் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அரம். பல்லின் மேலே உள்ள கோட்டுக்கு இணையாக, சுமார் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. இல்லையென்றால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும். மண்ணைத் தொட்ட செயின் அந்த நொடியிலேயே மழுங்கும், அதனால் கிடக்கும் கட்டைக்கு அடியில் எப்போதும் ஒரு கொம்பைக் கொடுத்துத் தூக்கி வையுங்கள். பாருக்கு ஊற்றும் ஆயில் பேட்டரி மிஷினுக்கும் கட்டாயம் தேவை. மோட்டார் பைக்கில் இறக்கிய கருப்பு ஆயிலை அதில் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் தூள் இருக்கும், பம்பையும் பாரையும் தின்றுவிடும். அதைவிட, அந்த ஆயில் முழுவதும் சிதறி விழுவது உங்கள் கொல்லை மண்ணில்தான். கிணற்றடியில், கீரைப்பாத்தி ஓரத்தில் அதைத் தெளிக்க எனக்கு மனம் வராது.

பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா பழைய பெட்ரோல் மிஷினைக் கொடுத்துவிட்டுப் பேட்டரி வாங்கினார். "தம்பி, இந்தக் கயித்த இழுக்க எனக்குத் தோள் ஒத்துழைக்காதுப்பா" என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஒரு காரணமே போதும். பேட்டரியில் கயிறு இல்லை, சோக் இல்லை, புகை இல்லை, கனமும் குறைவு. சத்தமும் வித்தியாசம். பெட்ரோல் மிஷின் ஓட்டுகிறவரின் காதில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், 100 டெசிபலைக் கால் மணி நேரம்தான் கேட்கலாம் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. இந்தத் தொழிலில் உழைத்த பலர் எங்களிடம் உரக்கத்தான் பேசுகிறார்கள், காது போன பிறகு வந்த பழக்கம் அது. பேட்டரி மிஷினும் அமைதியானது இல்லை, நீண்ட நேரம் ஓட்டினால் அதற்கும் காதடைப்பான் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்திலும் ஒரு கிளையைக் கழித்துவிட முடிகிறது.

ஆபத்தில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள். நல்ல பெட்ரோல் மிஷினில் செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, நல்ல பேட்டரி மிஷினும் இப்போது அதை நெருங்கிவிட்டது. பாரின் முனையில் மேல் பாதி எதிலாவது இடித்தால் மிஷின் கண்ணிமைக்குமுன் முகத்தை நோக்கி எகிறும். அதைத் தடுக்கத்தான் முன்கைப்பிடிக்கு எதிரே செயின் பிரேக் இருக்கிறது. செயின் பிரேக் இல்லாத மிஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டு கையும் மிஷினில் இருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. கைலியும் ரப்பர் செருப்புமாக இந்த வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கனமான பேண்ட், பூட்ஸ், கண்ணாடி, இவை மிஷின் விலையில் சேர்ந்த செலவு. பேட்டரி மிஷினுக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. அது சத்தமில்லாமல் காத்திருக்கும், விசையில் விரல் பட்டவுடன் ஓடும். செயினைத் தொடும்முன் பேட்டரியைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எப்போதுமே.

புயலில் வேரோடு சாய்ந்த மரம் தனி. தென்னை சாயும்போது வேர்ப்பந்து மண்ணோடு எழுந்து நிற்கும். தண்டின் கனம்தான் அதை அப்படிப் பிடித்துவைத்திருக்கிறது. அடியில் அறுத்துத் தண்டைப் பிரித்த நொடியில் அடிக்கட்டை திரும்பப் பள்ளத்துக்குள் நிமிர்ந்து உட்காரும், நடுவில் காலோ ஆளோ இருந்தால் தப்பாது. வளைந்து நெருக்குண்டு கிடக்கும் கிளையில் மேல் பக்கம் இழுவிசை, கீழ்ப் பக்கம் அழுத்தமா, அல்லது மாறியா என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். மின்கம்பி மேலே கிடக்கும் மரத்தை, மின்சாரம் இல்லை என்று தெரிந்தாலும், மின்வாரிய ஆட்கள் வரும்வரை தொடக் கூடாது. வீட்டு ஜெனரேட்டர் ஒன்று எங்கிருந்தாவது கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். இப்படிப்பட்ட மரங்களுக்கு அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டு மிஷின் அதற்கானது இல்லை.

சும்மா கிடக்கும்போது கவனிக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். பெட்ரோல் மிஷின் என்றால் வேலை முடிந்த அன்றே டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்து தானே நிற்கும்வரை ஓட விடுங்கள். பழைய கலவையை வைத்துக்கொண்டு அடுத்த முறை ஊற்றாதீர்கள். பேட்டரி என்றால் முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், முழுக்கத் தீர்ந்த நிலையிலும் வைக்காதீர்கள். பாதிச் சார்ஜில், நிழலான அறையில், தரையோடு சேர்ந்த அலமாரியில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் தொங்கவிட்ட பேட்டரி இரண்டு கோடையில் செத்துவிடும். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் ஆற விடுங்கள். வெள்ளத்தில் நனைந்த பேட்டரி காய்ந்தபிறகு ஓடினாலும் பயன்படுத்தாதீர்கள், உள்ளே துருவேறித் தீப்பிடிக்கலாம்.

புரட்டாசி கடைசியில் ஒருநாள் மிஷினை எடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள், செயினைத் தீட்டி வையுங்கள், பாருக்கு ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வானொலியில் சொன்ன உடனே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். பெட்ரோல் மிஷின் என்றால் அன்றைக்கே புதிதாக இரண்டு லிட்டர் வாங்கி, ஆயில் கலந்து, அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் தள்ளி மூடி வையுங்கள். என் பட்டறையிலும் அந்த வாரம் கூட்டம் அதிகமாக இருக்கும், சரிபார்க்கக் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே கொண்டுவாருங்கள்.